நம் ஆட்கள் நாற்காலியில் இருக்கும்போது: லிபர்டேரியன்களுக்கு ஒரு கேள்வி

அளவுகோல் எழுதியது:

இருபது வருடமாக நான் என்னை லிபர்டேரியன் என்று சொல்லி வருகிறேன். இந்த இழையைத் தொடங்க வைத்தது கோபம்தான். அரசின் கை சுருங்க வேண்டும், வரி குறைய வேண்டும், யாரிடம் எதை வாங்குவது என்று அவரவர் முடிவு செய்ய வேண்டும் என்று என்னோடு தோளோடு தோள் நின்று பேசியவர்களில் பாதிப் பேர் இன்று இறக்குமதி வரிக்குக் கைதட்டுகிறார்கள்.

நடந்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். 2025 ஏப்ரல் 2ஆம் தேதி டிரம்ப் கிட்டத்தட்ட உலகின் எல்லா நாடுகள் மீதும் இறக்குமதி வரி அறிவித்தார். குறைந்தது 10 சதவீதம், சில நாடுகளுக்கு அதைவிடப் பல மடங்கு. இதற்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஓட்டெடுப்பு எதுவும் நடக்கவில்லை. 1977ஆம் ஆண்டின் அவசரநிலைப் பொருளாதார அதிகாரச் சட்டத்தைக் காட்டி, வர்த்தகப் பற்றாக்குறையே ஒரு தேசிய அவசரநிலை என்று சொல்லி, ஒரே கையெழுத்தில் வரி போட்டார். வரி விதிக்கும் அதிகாரத்தை அமெரிக்க அரசியலமைப்பு காங்கிரஸிடம்தான் கொடுத்திருக்கிறது. மன்னர் தன் இஷ்டத்துக்கு வரி போடக் கூடாது என்பதற்காக நூற்றாண்டுக் கணக்கில் ரத்தம் சிந்திக் கிடைத்த விதி அது.

அப்புறம் ஆகஸ்டில் இன்டெல் நிறுவனத்தின் சுமார் 10 சதவீதப் பங்கை அரசே எடுத்துக்கொண்டது. கொடுக்க வேண்டிய மானியம் உள்பட 890 கோடி டாலரைப் பங்காக மாற்றினார்கள். இதையே எதிர்க்கட்சி அதிபர் ஒருவர் செய்திருந்தால் நம் ஆட்கள் தெருவுக்கு வந்திருக்க மாட்டார்களா?

ஆனால் நம் பக்கத்தில் எல்லோரும் கைதட்டவில்லை, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. வரியை எதிர்த்து நடந்த முக்கிய வழக்குகளில் ஒன்றைத் தொடுத்தது லிபர்ட்டி ஜஸ்டிஸ் சென்டர் என்ற லிபர்டேரியன் வழக்கறிஞர் அமைப்பு. வழக்குப் போட்டவர்கள் எல்லோரும் சின்ன ஆட்கள்: ஒயின் இறக்குமதி செய்பவர், மீன்பிடிச் சாமான் விற்பவர், பிளாஸ்டிக் குழாய் தயாரிப்பவர், பெண்களுக்கான சைக்கிள் உடை தைப்பவர், குழந்தைகள் படிக்கும் மின்சாதனப் பெட்டி செய்பவர். 2025 மே 28ஆம் தேதி சர்வதேச வர்த்தக நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக இவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அந்த மூவரை நியமித்தவர்கள் ரீகன், ஒபாமா, டிரம்ப். ஆகஸ்ட் 29ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றமும் 7க்கு 4 என்று அதை ஆமோதித்தது. பிறகு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

என் கேள்வி இதுதான். நமக்குப் பிடிக்காதவர் ஆட்சியில் இருக்கும்போது அதிகாரத்தை எதிர்ப்பது யாருக்கும் கைவரும். நமக்குப் பிடித்தவர், நம் கோரிக்கையில் நாலைந்தை நிறைவேற்றியவர் நாற்காலியில் இருக்கும்போது என்ன செய்கிறோம்? நிதானமாகப் பேசலாம்.

---

மேற்குமலை எழுதியது:

அளவுகோல், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஒரு பக்கத்தை நீங்கள் பார்க்கவில்லை. ஏதோ ஒரு வரி இல்லாமல் அரசு ஓடாது. வருமான வரியா, இறக்குமதி வரியா என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். இறக்குமதி வரி துறைமுகத்தோடு நின்றுவிடும். வருமான வரி உங்கள் வீட்டுக் கணக்கு வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கும். 1913ல் பதினாறாவது திருத்தம் வரும் வரை அமெரிக்க மத்திய அரசு பெரும்பாலும் சுங்க வரியிலும் கலால் வரியிலும்தான் ஓடியது. அந்த நாடு வேகமாக வளர்ந்த காலமும் அதுதான்.

இன்னொன்று. எதிரில் இருப்பவன் மானியம் கொடுத்து மலிவாகக் கொண்டுவந்து கொட்டும்போது நாம் மட்டும் கதவைத் திறந்து வைத்திருப்பதற்குப் பெயர் சுதந்திரச் சந்தையா?

சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. 2024 மே மாதம் டிரம்ப் லிபர்டேரியன் கட்சி மாநாட்டுக்கே வந்து, சில்க் ரோடு என்ற இணையக் கள்ளச்சந்தையை நடத்தியதற்காகச் சிறையில் இருந்த ராஸ் உல்பிரிக்டை விடுவிப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். பதவியேற்ற மறுநாளே மன்னிப்பில் கையெழுத்துப் போட்டார். வன்முறைக் குற்றம் எதிலும் தண்டிக்கப்படாத ஒரு மனிதன் இரட்டை ஆயுள் தண்டனையிலிருந்து வெளியே வந்தான். வேறு எந்த அதிபர் நம் கோரிக்கையைக் காதில் வாங்கினார்?

---

அளவுகோல் எழுதியது:

உல்பிரிக்ட் விடுதலையில் எனக்கும் சந்தோஷம்தான், மறுக்கவில்லை. ஒரு மனிதனுக்குச் சுதந்திரம் கிடைத்தது. அதற்கு விலையாக, எந்த அதிபரும் எந்த நாளும் எல்லார் மீதும் வரி போடலாம் என்பதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டுமா? அந்தப் பேரம் எனக்குச் சம்மதமில்லை.

1913 விஷயத்தைக் கணக்காகவே பார்ப்போம். அன்றைய மத்திய அரசின் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 2 அல்லது 3 சதவீதம். இன்று 23 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. 2024ல் தனிநபர் வருமான வரி வசூல் சுமார் 2.4 லட்சம் கோடி டாலர். அந்த ஆண்டு சரக்கு இறக்குமதி மொத்தமே சுமார் 3.3 லட்சம் கோடி டாலர். ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று என்றால் இறக்குமதியாகும் ஒவ்வொரு பொருள் மீதும் 70 சதவீதத்துக்கு மேல் வரி போட வேண்டும். அப்படிப் போட்டால் இறக்குமதி சரியும். இறக்குமதி சரிந்தால் வரி வசூலும் சரியும். ஆக வருமான வரியும் போகாது, அதன் தலையில் இன்னொரு வரியும் ஏறும். நடந்ததும் அதுதானே?

துறைமுகத்தோடு நின்றுவிடும் என்கிறீர்கள். எந்தப் பொருளுக்கு எந்த விகிதம், எந்த நாட்டுக்கு விலக்கு, எந்தத் தொழிலுக்குச் சலுகை என்று முடிவு செய்ய ஆள் வேண்டும் இல்லையா? அந்த ஆளின் அறை வாசலில் நிற்கும் வரிசையை நினைத்துப் பாருங்கள். பெரிய கம்பெனியால் வக்கீலையும் தரகரையும் அனுப்பி விலக்கு வாங்க முடியும். அந்த மீன்பிடிச் சாமான்காரரால் முடியாது. அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் நம்மைப் போலவே சொந்த லாபம் பார்க்கும் மனிதர்கள்தான் என்ற இடத்திலிருந்து ஆராய்ந்த ஜேம்ஸ் புக்கானனுக்கு 1986ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இறக்குமதி வரி அவர் பார்வைக்குப் பாடப்புத்தக உதாரணம். லாபம் பத்துப் பேருக்குக் குவியும், நஷ்டம் கோடிப் பேருக்குச் சில்லறையாகப் பிரியும். சில்லறை போனவன் யாரும் தலைநகரத்துக்குப் போய்ச் சண்டை போடுவதில்லை.

---

நீர்வழி எழுதியது:

அமெரிக்காவை மட்டும் பார்த்தால் மனசு விட்டுப்போகும். அர்ஜென்டினாவைப் பாருங்கள். தன்னை லிபர்டேரியன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் ஓட்டு வாங்கி ஒரு நாட்டின் அதிபரானது அங்கேதான்.

2023 டிசம்பர் 10ஆம் தேதி மிலே பதவியேற்றபோது இருந்த நிலைமை: அந்த ஒரு மாதத்தில் மட்டும் விலைவாசி 25.5 சதவீதம் ஏறியது. ஆண்டுப் பணவீக்கம் 211 சதவீதம். 18 அமைச்சகங்களைப் பாதியாகக் குறைத்தார். 2024ல் பல வருடங்களுக்குப் பிறகு முதல் தடவையாக அரசின் வரவு செலவை மிஞ்சியது. ஆண்டுப் பணவீக்கம் 2024 முடிவில் 118 சதவீதத்துக்கு இறங்கி, 2025லும் தொடர்ந்து இறங்கியது.

ஆனால் நான் இங்கே எழுத வந்தது வாடகை பற்றி. 2020ல் அங்கே ஒரு வாடகைச் சட்டம் வந்தது. ஒப்பந்தம் குறைந்தது மூன்று வருடம். வாடகையை வருடத்துக்கு ஒரு தடவைதான் ஏற்றலாம், அதுவும் மத்திய வங்கி போடும் குறியீட்டின்படி. பணமும் அந்நாட்டு நாணயமான பெசோவில்தான். குடியிருப்பவரைக் காப்பாற்றத்தான் போட்டார்கள், நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். இப்போது வீட்டுக்காரர் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். மாதம் 10 சதவீதம் விலை ஏறும் நாட்டில் இன்று பேசும் வாடகை பத்து மாதத்தில் பாதி மதிப்புகூடத் தேறாது. அவர் என்ன செய்வார்? வீட்டைப் பூட்டி வைப்பார், சுற்றுலாப் பயணிகளுக்கு டாலரில் விடுவார், அல்லது விற்பார். அதேதான் நடந்தது. புவனோஸ் ஐரிஸில் வாடகை வீடு தேடியவர்களுக்கு விளம்பரமே கண்ணில் படவில்லை. இன்னொரு பக்கம் ஆயிரக்கணக்கான வீடுகள் காலியாகக் கிடந்தன.

2023 டிசம்பரில் மிலே அந்தச் சட்டத்தை ஒரே ஆணையில் ரத்து செய்தார். எவ்வளவு காலம், எந்த நாணயம், எப்போது ஏற்றுவது எல்லாமே இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளலாம். சில மாதங்களிலேயே வாடகைக்கு வந்த வீடுகள் மடமடவென்று பெருகின. புதிதாகச் செங்கல் எடுத்து வைத்துக் கட்டிய வீடுகள் இல்லை அவை. பூட்டிக் கிடந்தவை திறந்தன, அவ்வளவுதான். எனக்கு இந்தச் சித்தாந்தத்தில் பிடிப்பு வந்ததே இந்த மாதிரி இடங்களைப் பார்த்துத்தான்.

---

பழுப்புமை எழுதியது:

நான் லிபர்டேரியன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீர்வழி சொன்ன எண்களோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். 2023 பிற்பாதியில் அர்ஜென்டினாவின் வறுமை விகிதம் 41.7 சதவீதம். 2024 முற்பாதியில் 52.9 சதவீதம். அதாவது நாட்டில் பாதிக்கு மேல். பதவியேற்ற சில நாட்களிலேயே பெசோவின் மதிப்பைப் பாதிக்கு மேல் குறைத்தார்கள். ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் மருந்து வாங்குவதா, சாப்பிடுவதா என்று நின்றார்கள். பிறகு 38.1, 31.6 என்று இறங்கியது உண்மை. ஆனால் நடுவில் இருந்த அந்த ஆறு மாதத்தை ஒரு எழுபது வயதுக்காரர் எப்படிக் கடந்தார் என்று உங்கள் வரைபடத்தில் தெரியாது.

அப்புறம் 2025 ஏப்ரலில் சர்வதேச நாணய நிதியத்திடம் 2,000 கோடி டாலருக்குப் புதிய ஒப்பந்தம். அதே வருடம் அக்டோபரில், தேர்தல் நெருக்கத்தில், பெசோ ஆட்டம் கண்டபோது அமெரிக்க நிதித்துறை இன்னொரு 2,000 கோடி டாலர் ஏற்பாட்டோடு வந்தது. ஓர் அரசு இன்னோர் அரசின் நாணயத்தைத் தாங்கிப் பிடிப்பதை எந்த லிபர்டேரியன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள்?

---

நீர்வழி எழுதியது:

பழுப்புமை, நீங்கள் கேட்டது நியாயம். அந்த 52.9ஐ நான் எழுதாமல் விட்டது என் தப்பு. அந்த விலைவாசியில் ஒரு பங்கு முன்பே அமுக்கி வைக்கப்பட்டிருந்தது, செயற்கை மாற்று விகிதத்தை எடுத்ததும் வெளியே வந்தது என்பது என் வாதம். அந்த ஓய்வூதியக்காரருக்கு இந்த விளக்கம் மருந்தாகாது, ஒத்துக்கொள்கிறேன்.

அமெரிக்க ஏற்பாட்டைப் பற்றியும் ஒளிக்க ஒன்றுமில்லை. மத்திய வங்கியை மூடுவேன், டாலரையே நாணயமாக்குவேன் என்றுதான் மிலே ஓட்டுக் கேட்டார். இரண்டையும் செய்யவில்லை. பெசோவை ஒரு வரம்புக்குள் பிடித்து வைக்கப் பார்த்தார், அந்தப் பிடி நழுவியதும் வெளியே கை நீட்ட வேண்டி வந்தது. அவர் தடுக்கி விழுந்தது லிபர்டேரியன் பாதையை விட்டு விலகிய இடத்தில் என்றே நினைக்கிறேன். ஆனால் "சரியாகச் செய்யவில்லை, அதனால்தான் தோல்வி" என்று எல்லாச் சித்தாந்தக்காரர்களும் சொல்வார்கள் என்பதும் தெரியும். அதனால் இதை நான் அழுத்திச் சொல்லப் போவதில்லை.

---

கணக்கன் எழுதியது:

செலவுக் குறைப்பு பற்றி ஒரு சிறு குறிப்பு மட்டும். 2024 தேர்தல் பிரச்சாரத்தில் எலான் மஸ்க் 2 லட்சம் கோடி டாலர் குறைக்கலாம் என்றார். 2025 ஜனவரியில் அதற்கான அமைப்பு தொடங்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள், வெளிநாட்டு உதவி நிறுவனம் மூடப்பட்டது. 2025 நிதியாண்டு முடிந்து பார்த்தால் மத்திய அரசின் மொத்தச் செலவு சுமார் 7 லட்சம் கோடி டாலர். முந்தைய ஆண்டைவிட அதிகம். அக்டோபரில் கடன் 38 லட்சம் கோடியைத் தாண்டியது.

காரணம் எளிது. பணம் போகும் பெரிய வாசல்கள் முதியோர் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, ராணுவம், வட்டி. இந்த நான்கையும் தொடாமல் அலுவலக ஊழியர்களை எவ்வளவு வெட்டினாலும் மொத்தக் கணக்கில் அது பெரிதாகத் தெரியாது. அந்த நான்கையும் தொட எந்தக் கட்சிக்கும் தைரியம் இல்லை. கடனைக் கூட்டும் மசோதாவுக்கு எதிராக ஆளும் கட்சியிலேயே இருந்துகொண்டு ஓட்டுப் போட்ட தாமஸ் மாஸி, ராண்ட் பால் போன்ற ஒரு சிலரைத்தான் நான் மதிக்கிறேன். அதற்காக அவர்கள் கட்சித் தலைமையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் எல்லோருக்கும் தெரியும்.

---

தச்சன்மகள் எழுதியது:

இங்கே எல்லோரும் லட்சம் கோடியில் பேசுகிறீர்கள். நான் ஒரு மரப்பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். என் அப்பா தச்சர், அதனால் இந்த வழக்கு எனக்கு நெருக்கமானது.

லூசியானாவில் செயின்ட் ஜோசப் மடம் என்று ஒரு பெனடிக்டின் துறவியர் மடம். தங்களில் ஒருவர் இறந்தால் துறவிகளே மரத்தை அறுத்து, இழைத்து, சவப்பெட்டி செய்து அடக்கம் செய்வார்கள். ஓவியம் இல்லை, பித்தளைக் கைப்பிடி இல்லை, எளிமையான பெட்டி. வெளியாட்களும் கேட்க ஆரம்பித்தார்கள். 2005ல் கத்ரீனா புயல் மடத்தின் மரக்காட்டைச் சாய்த்துவிட்டது. மரம் விற்று வந்த வருமானம் நின்றது. சரி, பெட்டி செய்து விற்கலாம் என்று 2007ல் பட்டறை போட்டார்கள். ஒரு பெட்டிகூட விற்பதற்குள் மாநில ஈமச்சடங்கு வாரியத்திலிருந்து தடை உத்தரவு வந்தது.

அன்றைய சட்டப்படி, அந்த மாநிலத்துக்குள் சவப்பெட்டி விற்க வேண்டும் என்றால் ஈமச்சடங்கு நிலையத்துக்கான உரிமம் வேண்டும். அதற்கு 30 பேர் உட்காரும் கூடம் வேண்டும். ஆறு பெட்டிகளைக் காட்சிக்கு வைக்கும் அறை வேண்டும். பிணத்தைப் பதப்படுத்தும் வசதி வேண்டும். உரிமம் பெற்ற முழுநேர நடத்துநர் ஒருவர் வேண்டும். துறவிகள் பிணத்தைத் தொடப்போவதே இல்லை, வெறும் பெட்டிதான் விற்கப்போகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று அந்த மாநிலத்தில் எந்த விதியும் கிடையாது. பெட்டியே இல்லாமல் புதைத்தாலும் சட்டம் கேட்காது. வெளி மாநிலத்திலிருந்து இணையத்தில் தருவித்தாலும் கேட்காது. உள்ளூர்த் துறவி விற்றால் மட்டும் குற்றம், சிறைத் தண்டனை வரை போகலாம்.

அந்த வாரியத்தில் அன்று உறுப்பினர்கள் ஒன்பது பேர். அதில் எட்டுப் பேர் ஈமச்சடங்குத் தொழிலைச் சேர்ந்தவர்கள். இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

துறவிகள் சட்டமன்றத்தில் திருத்தம் கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 2010ல் இன்ஸ்டிடியூட் ஃபார் ஜஸ்டிஸ் என்ற லிபர்டேரியன் வழக்கறிஞர் அமைப்பு அவர்களுக்காக வழக்குப் போட்டது. 2013ல் ஐந்தாம் மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு தொழிலைப் போட்டியிலிருந்து பாதுகாப்பது மட்டுமே நோக்கம் என்றால் அது அரசுக்குரிய நியாயமான நோக்கமே ஆகாது என்று தீர்ப்பளித்தது.

பலகையை எந்தப் பக்கமாக இழைத்தால் செதில் பெயராது, இணைப்பில் எவ்வளவு இடைவெளி விட்டால் மழைக்காலத்தில் உப்பாது என்று கையாலேயே தெரிந்துவைத்திருந்தவர் என் அப்பா. அவரை ஒரு காகிதத்தைக் காட்டி "உனக்குத் தகுதி இல்லை" என்று சொல்லியிருந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இந்த வழக்கைப் படித்தபோதெல்லாம் யோசித்தேன். எனக்கு லிபர்டேரியனிசம் என்றால் அதுதான். பணக்காரனுக்கு வரி குறைப்பது அப்புறம்.

---

வழக்கேடு எழுதியது:

அருமையான பதிவு, தச்சன்மகள். ஒரு தகவல் சேர்க்கிறேன். இதே மாதிரி ஓக்லஹோமாவில் வந்த சவப்பெட்டி வழக்கில் பத்தாம் மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004ல் நேர் எதிராகத் தீர்ப்பளித்தது. உள்ளூர்த் தொழிலுக்குச் சலுகை காட்டுவது அரசியலில் சகஜம், நீதிமன்றம் தலையிடாது என்றது. லூசியானா வழக்கை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க மறுத்ததால் அந்த முரண்பாடு தீராமலே நின்றது.

---

ஈரக்கம்பளி எழுதியது:

நான் கட்டடத் தீப்பாதுகாப்பில் வேலை செய்பவன். துறவிகளின் கதை மனசைத் தொட்டது, அவர்கள் பக்கம்தான் நானும். ஆனால் விதி என்றாலே யாரோ ஒருவரின் லாபத்துக்காக எழுதியது என்று இந்த இழை போகும் திசை என்னைக் கவலைப்பட வைக்கிறது.

லண்டனில் கிரென்ஃபெல் டவர். 24 மாடி. 2017 ஜூன் 14ஆம் தேதி அதிகாலை ஒரு வீட்டுச் சமையலறையில் தீப்பிடித்தது. தீ ஒரு வீட்டோடு நிற்கும்படிதான் அந்த மாதிரிக் கட்டடங்களை வடிவமைப்பார்கள். ஆனால் முந்தைய ஆண்டு முடிந்த புதுப்பிப்பு வேலையில் கட்டடத்துக்கு வெளிப்புறம் அலுமினியப் பலகை பொருத்தியிருந்தார்கள். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் பாலிஎத்திலீன். பாலிஎத்திலீன் எரியும்போது உருகிச் சொட்டும். சொட்டியது கீழே உள்ள பலகையைப் பற்றவைக்கும், ஜுவாலை மேலே உள்ளதைப் பற்றவைக்கும். 72 பேர் இறந்தார்கள்.

2024 செப்டம்பரில் வெளிவந்த இறுதி அறிக்கை இரண்டையும் சொன்னது. பொருள் தயாரித்த கம்பெனிகள் சோதனை முடிவுகளைத் திட்டமிட்டு மறைத்தன, வாங்குபவர்களை ஏமாற்றின. அதே நேரம், விதிகளைக் குறைக்க வேண்டும் என்ற அரசின் முனைப்பு, உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கைகளைக்கூட தள்ளிப்போட வைத்தது. அன்று பிரிட்டனில் ஒரு புது விதி கொண்டுவந்தால் ஒரு பழைய விதியை நீக்க வேண்டும் என்ற கொள்கை இருந்தது. 2013ல் ஒன்றுக்கு இரண்டு, 2016ல் ஒன்றுக்கு மூன்று என்று ஆக்கினார்கள். விதிகளை எண்ணிக்கையாகப் பார்த்தால் சவப்பெட்டி விதியும் ஒன்று, தீத்தடுப்பு விதியும் ஒன்று. உங்களில் எத்தனை பேர் அன்று அந்தக் கொள்கைக்குக் கைதட்டினீர்கள்?

---

அளவுகோல் எழுதியது:

ஈரக்கம்பளி, கைதட்டினவர்களில் நானும் ஒருவன். ஒன்றுக்கு இரண்டு என்று வந்தபோது நல்ல யோசனை என்று எழுதியிருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி அந்த அறிக்கையின் சுருக்கத்தைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உடனே பதில் எழுத முடியவில்லை.

முதலில் என் தப்பு. விதிகளை எண்ணிக்கையால் குறைப்பது முட்டாள்தனம். எந்த விதி யாரைத் தடுக்கிறது, யாரைக் காக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் ஒரு கொத்தாக வெட்டுவதை நான் ஆதரித்திருக்கக் கூடாது. சவப்பெட்டி வாங்குபவருக்குத் தான் என்ன வாங்குகிறோம் என்று தெரியும். வாங்காதவருக்கு அதனால் ஒரு ஆபத்தும் இல்லை. பதினெட்டாம் மாடியில் குடியிருப்பவருக்குச் சுவருக்கு வெளியே நடுவில் என்ன அடைத்திருக்கிறார்கள் என்று தெரிய வழியே இல்லை. அவர் அதைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. இந்த இரண்டும் ஒரே "விதி" என்ற சொல்லுக்குள் வரக் கூடாது.

இதை நான் எங்கள் மரபுக்கு வெளியிலிருந்து கடன் வாங்கவில்லை. எங்கள் மரபின் பெரிய பொருளாதார அறிஞரான ஹயக் கட்டடப் பாதுகாப்பு விதிகளையும், ஒருவரும் பட்டினி கிடக்காமல் பார்க்கும் குறைந்தபட்ச உதவியையும் ஏற்றவர். அவர் எதிர்த்தது வேறு. 1945ல் அவர் எழுதிய முக்கியமான கட்டுரையின் சாரம், ஒரு சமூகத்தின் அறிவு கோடிப் பேர் தலைக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது, எந்த மையக் குழுவாலும் அதை ஒரு மேசையில் திரட்ட முடியாது, விலைதான் அதைக் கடத்துகிறது என்பது. நீர்வழி சொன்ன வாடகைக்கு இது அப்படியே பொருந்தும். பூட்டிக் கிடந்த வீடுகளைப் பற்றி எந்த அமைச்சருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். ஆனால் கிரென்ஃபெல்லில் அந்தத் துண்டு அறிவு கம்பெனியின் சோதனைக் கோப்புக்குள் இருந்தது. விலை அதை வெளியே கொண்டுவரவில்லை. பொய் சொன்னால் விலையும் பொய் சொல்லும்.

ஒன்று மட்டும் என் பக்கத்திலிருந்து. அந்தக் கட்டடம் உள்ளாட்சி மன்றத்துக்குச் சொந்தம். குடியிருப்போர் குழு ஒன்று 2016 நவம்பரிலேயே, பெரும் விபத்து நடந்தால்தான் இந்த நிர்வாகத்தின் லட்சணம் வெளியே வரும் என்று எழுதி வைத்தது. யாரும் கேட்கவில்லை. அவர்களால் அந்த வீட்டுக்காரரை விட்டுவிட்டு இன்னொருவரிடம் போகவும் முடியாது. கம்பெனியை நம்ப முடியாது என்பது எவ்வளவு உண்மையோ, வீட்டுக்காரரும் கண்காணிப்பவரும் ஒரே அரசு இயந்திரமாக இருந்தால் என்ன ஆகும் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது.

---

ஈரக்கம்பளி எழுதியது:

அந்தக் கடைசிப் பத்தியில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. கண்காணிப்பவர் தனியாக, யாருக்கும் கடமைப்படாதவராக இருக்க வேண்டும். அங்கே பொருட்களைச் சோதித்துச் சான்று தந்த முக்கிய ஆய்வு நிலையத்தை 1997ல் தனியாராக்கினார்கள். அதன் பிறகு சான்று கேட்டு வருபவரே அதன் வாடிக்கையாளர். இதற்கு உங்கள் பக்கம் என்ன விடை என்று யோசியுங்கள், அவசரமில்லை. உங்கள் பழைய பதிவை நீங்களே எடுத்துச் சொன்னதற்கு நன்றி.

---

சங்கிலிக்கண்ணி எழுதியது:

நடுவில் புகுகிறேன், மன்னியுங்கள். முதல் பதிவின் கேள்வியை பிட்காயின்காரர்களிடமும் கேட்க வேண்டும். 2009 ஜனவரியில் அது பிறந்ததே, எந்த அரசும் மத்திய வங்கியும் தொட முடியாத பணம் வேண்டும் என்ற ஆசையில், வங்கிகள் கவிழ்ந்த நேரத்தில். 2025 மார்ச்சில் அமெரிக்க அரசே பிட்காயின் இருப்பு வைத்துக்கொள்ளும் என்று அதிபர் ஆணையிட்டதும் விலை ஏறும் என்று கொண்டாடினார்கள். அந்த இருப்பில் இருப்பது பெரும்பாலும் அரசு பறிமுதல் செய்தவை. பறிமுதலை எதிர்த்தவர்கள் பறிமுதல் பெட்டகத்துக்கு மாலை போடுவதைப் பார்க்க எனக்கு வலித்தது.

---

மேற்குமலை எழுதியது:

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன். அளவுகோல் தன் நிலையைத் திருத்திச் சொன்ன பிறகு நான் மட்டும் மௌனமாக இருப்பது அழகில்லை.

ஒரு சோதனை செய்து பார்த்தேன். நாளைக்கு வேறு கட்சி அதிபர் வந்து, காலநிலை மாற்றமே தேசிய அவசரநிலை என்று அறிவித்து, அதே 1977 சட்டத்தைக் காட்டி இறக்குமதியாகும் எண்ணெய், கார் எல்லாவற்றுக்கும் 50 சதவீத வரி போட்டால் நான் என்ன செய்வேன்? வழக்குப் போடுபவர்களின் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன். அப்படியானால் இன்று அந்த முறையை நான் ஆதரிக்க முடியாது. அவசரநிலை வழியை ஆதரித்ததை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் வரியே தப்பு என்பதை ஏற்கவில்லை. மானியம் கொடுத்து அடித்து வீழ்த்தும் போட்டியாளரிடமிருந்து சில தொழில்களைக் காக்க வேண்டும் என்றே இன்னமும் நினைக்கிறேன். காங்கிரஸில் வெளிப்படையாக விவாதித்து, யார் யார் ஓட்டுப் போட்டார்கள் என்று பெயரோடு தெரியட்டும்.

---

அளவுகோல் எழுதியது:

அப்படி ஓட்டுக்கு வரும் நாளில் உங்களுக்கு எதிராக முழு மூச்சோடு வாதாடுவேன், மேற்குமலை. தோற்றால் தோற்றேன் என்று ஏற்றுக்கொள்வேன். இந்த இழையைத் தொடங்கியபோது இருந்த கோபம் பெருமளவு அடங்கியிருக்கிறது.

---

வழக்கேடு எழுதியது:

இருவருக்கும் ஒரு நினைவூட்டல். அந்த வழக்கு 1977 சட்டத்தைப் பற்றியது மட்டும். எஃகு, அலுமினிய வரிகள் 1962ஆம் ஆண்டு வர்த்தக விரிவாக்கச் சட்டத்தின் 232ஆம் பிரிவின் கீழ், தேசியப் பாதுகாப்பு என்ற பெயரில் போடப்பட்டவை. 2018ல் எஃகுக்கு 25 சதவீதமாகத் தொடங்கி, 2025 ஜூனில் இரண்டுக்குமே 50 ஆக்கினார்கள். அங்கே அதிகாரத்தைக் கையளித்தது காங்கிரஸேதான். அதற்கு அவசரநிலை வாதம் எடுபடாது.

---

அளவுகோல் எழுதியது:

ஆமாம், அதைத் தனியாகவே எடுக்க வேண்டும். எஃகு வாங்கிப் பொருள் செய்யும் பட்டறைக்காரர் யாராவது இங்கே இருந்தால் அடுத்த இழையை அவரே தொடங்கட்டும். அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.